ரிவர்ஸில் மட்டும் வந்த கால்

எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்று சொன்ன அன்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. மூளையில் கட்டி இல்லை, ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை, நரம்பு எங்கும் நசுங்கவில்லை, சர்க்கரைகூட இல்லை. சிதம்பரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் மனைவி மலர் அந்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு சின்னக் கோளாறாவது தென்படாதா என்று தேடினாள். அவளுடைய தம்பி சுந்தரம் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க. அப்புறம் ஏன் மாமா நடக்க மாட்டேங்குற?"

அப்போது எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியும். என்னைப் போல ஒருவர் எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில், நார்மல் என்று எழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு, திருடிவிட்டவர் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கலாம். அவர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் குணசேகரன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பத்தாவது வரை படித்தவன். கூச்சம் அதிகம். கண்டக்டருக்கு எப்படிக் கூச்சம் என்று கேட்பார்கள். விசில் இருக்கிறதே! ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நான் இறங்கிப் போய்ப் பின்பக்கம் நின்று விட்டுவிட்டு ஊதுவேன். நீளமாக ஒன்று ஊதினால் பிரேக். இதற்கு மேல் பேச வேண்டியதை எல்லாம் டிரைவர் ஜமால் பாய் பேசிக்கொள்வார். சவுதியில் பெரிய வண்டிகள் ஓட்டிவிட்டு வந்தவர். பயணிகளோடு, எதிரே வருகிற லாரிக்காரரோடு, ரோட்டில் படுத்திருக்கிற நாயோடு, எல்லாரோடும் பேசுவார். எங்கள் ஜோடிக்கு அது பொருந்திப் போயிருந்தது.

அன்று காலை வண்டியில் நிற்க இடமில்லை. சிப்காட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பக்கத்து ரோட்டிலிருந்து ஒரு டேங்கர் லாரி எட்டிக்கூடப் பார்க்காமல் மெயின் ரோட்டில் ஏறியது. ஜமால் பாய் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, படிக்கட்டு இருக்கிற பக்கமாகச் சாய்ந்தது. நான் பின்படியில் நின்றிருந்தேன். கம்பியைக் கை பிடித்திருக்க, வலது கால் மட்டும் வெளியே தொங்கியது. தரை மேலே வருவது போல இருந்தது. அப்போது ஒரு பனைமரத்தில் முட்டி வண்டி நின்றது. படிக்கட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த இடைவெளியில் என் கால். மரம் மட்டும் இல்லை என்றால் வண்டி அந்தக் காலின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

அண்ணாகிராமத்திலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து சிதம்பரத்தில் விற்கிற ஒரு அம்மா அந்த வண்டியில் இருந்தார். அவருடைய பழங்கள் உருண்டு வந்து என் மேல் உடைந்தன. தலை, சட்டை, டிக்கெட் பை எல்லாம் சுளையும் பிசினும். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சிராய்ப்புகள், ஒருவருக்குக் கை எலும்பு முறிவு, அவ்வளவுதான். அவசர வழியாக எல்லாரையும் இறக்கிவிட்டது நான்தான். குழந்தைகளைத் தூக்கிக் கொடுத்தேன், செருப்புகளைத் தேடிக் கொடுத்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். சாயந்திரம் வீட்டில் மலர் தேங்காயெண்ணெய் தேய்த்துத் தலையிலிருந்து பிசினை எடுத்தாள். பரோட்டா வாங்கிவரச் சொல்லி நன்றாகச் சாப்பிட்டேன்.

வண்டி பட்டறையில் இருந்த வாரங்களில் நான் வீட்டில் இருந்தேன். சின்னச் சின்னதாக ஏதேதோ வந்தது. காலையில் எழுந்தால் தாடை வலிக்கும், தூக்கத்தில் பல்லைக் கடித்திருக்கிறேன். தட்டு கீழே விழுந்தால் நெஞ்சில் குதிரை ஓடும். வயிறு சொன்ன பேச்சைக் கேட்காது. பலாப்பழ சீசன் வேறு. கடலூர்த் தெருவெல்லாம் தள்ளுவண்டி. அந்த வாசனை வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பலாப்பழம் திகட்டிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். இவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி புதுப் பெயிண்ட் அடித்துத் திரும்பி வந்தது. முதலாளி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கடலூர் பஸ் ஸ்டாண்டில் பின்படியில் ஏற வலது காலைத் தூக்கினேன். வரவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பி நிறுத்தினால் துவண்டு விழுமே, அப்படி முட்டி மடங்கியது. விழுந்தேன்.

"பக்கவாதம்டா! தூக்குங்கடா!" என்று ஜமால் பாய் கத்தினது மட்டும் நினைவிருக்கிறது. ஆட்டோவில் போகும்போது அவர் என்னைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். வாய் கோணுகிறதா என்று பார்க்கிறாராம். அழுதுகொண்டே சிரித்தேன்.

கடலூரில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, அடைப்பு இல்லை, ஆனால் கால் வரவில்லை. மேற்கொண்டு பார்ப்பதற்காகச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தள்ளினார்கள். பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், வலி எதுவும் இல்லை. பட்டறையில் பாடி அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் படுத்திருப்பது போல, அவ்வளவுதான். பிறகு நரம்புப் பரிசோதனை. காலில் ஒரு இடத்தில் லேசாகக் கரண்ட் வைத்து, அந்தச் செய்தி நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது. கரண்ட் வைத்தபோது என் கால்விரல் துள்ளியது.

"பாரு மாமா, ஆடுது, ஆடுது!" என்று சுந்தரம் குதித்தான். பரிசோதனை செய்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது நாங்க ஆட்டறது அண்ணே. அவரா ஆட்டணும்" என்றாள்.

பில் என்ற சொல்லுக்கு நான் நோயைவிட அதிகம் பயந்தேன். பில்லில் பெரும்பகுதி காப்பீட்டு அட்டையிலேயே முடிந்துவிட்டது. மீதியைப் பற்றி மலர் என்னிடம் பேசவே இல்லை. அவள் காதில் தோடு இருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

கடைசியில்தான் அந்த 'எல்லாம் நார்மல்' வந்தது. நரம்பு மருத்துவத்தில் பெரிய டாக்டர் அம்மா விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வந்ததும் அவரிடம் காட்டுங்கள், அதுவரை பக்கத்தில் எங்காவது இருங்கள் என்றார்கள். சுந்தரத்தின் வீடு கீரப்பாளையத்தில். அங்கே போனோம்.

அந்த வாரம்தான் எனக்குக் கஷ்டமான வாரம். நோய் இருக்கும்போது மனிதருக்கு ஒரு மரியாதை உண்டு. நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது போய்விடுகிறது. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு என் காலை ஒரு மாதிரி பார்த்தார்கள். சுந்தரம் நல்லவன், வாய்தான் நிற்காது. ஒருநாள் எரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்: "மாமா, எங்கக்கிட்ட முன்ன ஒரு ஒழவு மாடு இருந்துச்சி. நொகத்தடியக் கண்டாலே படுத்துக்கும். அவுத்து வுட்டா எந்திரிச்சி வைக்கோலு திங்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வண்டியில் என் இடத்தில் வேறு ஆள் போட்டிருந்தார்கள். "ஒன் எடத்த வெச்சிருக்கேன் குணா, ஆனா ரொம்ப நாளு முடியாதுப்பா" என்று முதலாளி போனில் சொல்லியிருந்தார். மறுபடியும் அந்தப் படியில் ஏறுவேனா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வியாழக்கிழமை ஜமால் பாய் ஒரு காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

"கெளம்பு குணா. பரங்கிப்பேட்டப் பக்கம் ஒரு தர்கா இருக்கு. எங்க லாத்தா, அதான் அக்கா, அவுங்க மவனுக்கு அங்கதான் சொகமாச்சி. மலர், நீயும் வாம்மா."

மலர் உடனே புடவை மாற்றிக்கொண்டாள். எந்தச் சாமியாவது பார்க்கட்டும் என்கிற நிலையில் இருந்தாள்.

தர்காவில் தலையில் கைக்குட்டை கட்டி, ஒரு பக்கம் ஜமால் பாயும் ஒரு பக்கம் சுந்தரமும் தாங்க, வலது காலை இழுத்துக்கொண்டே உள்ளே போனேன். அங்கே ஓதிக்கொடுக்கிற பெரியவர் அஸ்ரத்து பாத்தியா ஓதி, மயிலிறகால் தலையில் தடவி, சர்க்கரை கொடுத்தார். நான் கேட்டது ஒன்றுதான். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு படி ஏறினால் போதும் என்று கேட்டேன்.

வெளியே வரும்போது ஜமால் பாய் மெதுவாகச் சொன்னார்: "முதுகு காட்டக் கூடாது. மொகம் அந்தப் பக்கம் இருக்க, அப்படியே பின்னாடியே வரணும்." வாசல் சின்னது. ஓர் ஆள்தான் நுழைய முடியும். இருவரும் கையை விட்டார்கள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு, போர்வை போர்த்திய அவுலியாவின் சமாதியைப் பார்த்தபடியே பின்னால் வந்தேன். இடது கால், வலது கால், இடது கால், வலது கால். வெளியே மணலில் வந்து நின்ற பிறகுதான், ஜமால் பாய் வாயைத் திறந்தபடி நிற்பதைப் பார்த்தேன்.

"யா அல்லா! குணா, காலு!"

குனிந்து பார்த்தேன். கால் சாதாரணமாக நின்றது. மலர் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். "கராமத்துடா, அற்புதம்டா! அவுலியா குடுத்துட்டாருடா!" என்று பாய் என்னைக் கட்டிக்கொண்டார். நான் காரை நோக்கித் திரும்பி ஓரடி முன்னால் வைத்தேன். விழுந்தேன்.

கீரப்பாளையம் களத்துமேட்டில் மறுநாள் ஊரே பார்க்க ஒத்திகை நடந்தது. முன்னால் நடந்தால் முட்டி மடங்குகிறது. பின்னால் நடந்தால் ராஜநடை. ஜமால் பாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. என் விசிலை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் போய் நின்றார்.

"வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... ஏய், கோழிய ஏத்திடாத... ஹோல்டேன்!"

எத்தனையோ வருடம் நான் அவருக்குப் பின்னால் நின்று ஊதினேன். இப்போது அவர் எனக்கு ஊதுகிறார். நான் வைக்கோல் போரில் முட்டி நின்றேன். மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்காகவே இன்னொரு தடவை ரிவர்ஸ் எடுத்தேன்.

சிரித்து முடித்த பிறகு சுந்தரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "மாமா, என்கிட்ட மட்டும் சொல்லு. வேலைக்குப் போவப் புடிக்கலியா? ரிவர்ஸ் கியரு மட்டும் வேலை செய்யுற வண்டிய எந்த மெக்கானிக்கும் நம்ப மாட்டான்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அதையே நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையான நோய் என்றால் பின்னால் மட்டும் எப்படி வரும்? எனக்கே தெரியாமல் நான் நடிக்கிறேனோ?

பெரிய டாக்டர் அம்மாவைப் பார்க்கப் போனபோது இதை அவரிடம் சொல்லவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். சொன்னால் எழுந்து போ என்பார் என்று பயம். சுந்தரமும் ஜமால் பாயும் கூடவே வந்தார்கள். அறைக்குள் நுழைந்து உட்காருவதற்குள் மலர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்படியா?" என்று டாக்டரின் குரல் கேட்டது. அதில் கோபம் இல்லை. "எங்க, பின்னாடி நடந்து காட்டுங்க பாக்கலாம்."

நடந்து காட்டினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு என்னைப் படுக்க வைத்து, வராத வலது காலின் குதிகாலுக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்தார்.

"இந்தக் கால கீழ அழுத்துங்க."

அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, அத வுடுங்க. எடது கால மட்டும் மேல தூக்குங்க. நல்லா தூக்குங்க."

இடது காலைத் தூக்கினேன். டாக்டர் சுந்தரத்தைக் கூப்பிட்டு, அவன் கையைத் தன் கை இருந்த இடத்தில் வைக்கச் சொன்னார். மறுபடியும் இடது காலைத் தூக்கினேன். சுந்தரம் "யம்மா!" என்று கையை இழுத்துக்கொண்டான். என் வலது குதிகால் அவன் கையைக் கட்டிலோடு சேர்த்து அழுத்தியிருந்தது.

"பாத்தீங்களா? காலுல தெம்பு இருக்கு. நரம்பு நல்லா இருக்கு. இவரு கேட்டா குடுக்க மாட்டேங்குது. கேக்காதப்போ குடுக்குது" என்றார் டாக்டர்.

அதன் பெயர் செயல்பாட்டு நரம்புக் கோளாறு. கம்பி அறுந்த நோய் இல்லை. கம்பியில் போகிற செய்தி தடம் மாறுகிற நோய். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஆபத்து வரும்போது உடம்பு நம்மைக் கேட்டுக்கொண்டு இருக்காது. தானாகவே வேலையில் இறங்கிவிடும். நெஞ்சு வேகமாக அடிக்கும், வயிறு தன் வேலையை நிறுத்தும், தசை இறுகும். ஓட முடிந்தால் ஓடும், முடியாவிட்டால் உறைந்து நிற்கும். ஆபத்து போனதும் எல்லாம் பழையபடி இறங்கிவிட வேண்டும். சிலருக்கு இறங்குவதில்லை. உடம்பு இன்னும் அந்தக் காலை நேரத்திலேயே காவல் நிற்கிறது. என் தாடை வலியும் வயிற்றுக் கோளாறும், தட்டு விழுந்தால் துள்ளுவதும் அந்தக் காவல்தான். பலாப்பழத்தைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். விபத்து நடந்த நேரத்தில் மூக்கில் எந்த வாசனை இருந்ததோ, அதையும் உடம்பு எதிரியின் ஆள் என்று சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுமாம்.

"அதாவது ஹேண்ட்பிரேக்கு போட்டே வண்டி ஓட்டற மாதிரி" என்றார் ஜமால் பாய்.

"கிட்டத்தட்ட பாய். ஆனா அந்த பிரேக்க இவரு போடல. இவரக் கேக்காமயே உடம்பு போட்டுச்சு. இவர ஆபத்துலேருந்து காப்பாத்தத்தான் போட்டுச்சு. எடுக்க மறந்துடுச்சு."

"அப்ப பின்னாடி மட்டும் எப்படி டாக்டரம்மா?"

"முன்னாடி நடக்கும்போது இவரு அந்தக் காலயே நெனச்சிக்கிட்டு நடக்குறாரு. எவ்ளோ நெனைக்கிறாரோ அவ்ளோ மாட்டிக்கும். பின்னாடி நடக்கறது வேற வேல. கவனம் வேற எடத்துக்குப் போயிடுது. கால் தப்பிச்சி வந்துடுது. இந்த மாதிரி நெறைய பேரப் பாத்திருக்கோம்."

ஜமால் பாய் முகம் வாடியது. "அப்ப அவுலியா செஞ்சது இல்லியா?"

"எங்க ஸ்கேன்ல கண்டுபிடிக்காதத அங்கதான கண்டுபிடிச்சீங்க?" என்றார் டாக்டர். பாய் அந்த நாளெல்லாம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

சுந்தரம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். அப்ப இது நடிப்பு இல்லீங்களா?"

"உங்களுக்கு எப்பயாவது பயத்துல வயித்தக் கலக்கியிருக்கா?"

அவன் பதில் சொல்லும் முன் மலர் சொன்னாள். "பொண்ணு பாக்கப் போன அன்னிக்கி வழியெல்லாம் வண்டிய நிறுத்தச் சொன்னான் மேடம். கடைசில பொண்ணு ஊட்டுக்குப் போயி, பொண்ணப் பாக்கறதுக்கு முன்னாடி அவுங்க ஊட்டு கக்கூசத்தான் பாத்தான்."

"அக்கா!"

"அது நடிப்பா?" என்றார் டாக்டர்.

"சத்தியமா இல்லீங்க."

"இதுவும் அதே மாதிரிதான். பயம் உங்களுக்கு வயித்துல எறங்குச்சு. இவருக்குக் காலுல எறங்கியிருக்கு."

அதன் பிறகு சுந்தரம் அந்த மாட்டுக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. அன்று கேன்டீனில் எனக்கு மட்டும் நெய் தோசை வாங்கிவந்தான். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் நெய் தோசைக்கு அதுதான் அர்த்தம்.

டாக்டரின் அறையிலிருந்து கிளம்ப எழுந்தபோது அவர் ஜமால் பாயைப் பார்த்து, "அதே வண்டியில நீங்களும்தான இருந்தீங்க. உங்களுக்கு எப்படி இருக்கு பாய்?" என்று கேட்டார். வாய் ஓயாத மனிதர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். 

"அந்த எடம் வந்தா கை வேர்க்குது டாக்டரம்மா. ஸ்டீயரிங் வழுக்குது. அதுக்குன்னே மடியில ஒரு துண்டு வெச்சிருக்கேன். ஊட்டுல கூட சொல்லல."

டாக்டர் அவரையும் வாரம் ஒருநாள் வரச் சொன்னார்.

என்னை மறுபடி வார்டில் சேர்த்து உடற்பயிற்சி தொடங்கினார்கள். பயிற்சி கொடுத்தவர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் தம்பி ஒருவர். முதலில் பின்னால் நடக்க வைத்தார். பிறகு பக்கவாட்டில், நண்டு மாதிரி. பிறகு பின்னால் வந்துகொண்டே இருக்கும்போது சட்டென்று முன்னால். காலைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். காலைப் பார்த்தால் "அண்ணே, டிக்கெட்டப் பாருங்க" என்பார். எனக்கு முன்னால் மலரை நடக்க விட்டு, ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பது போலக் கையை நீட்டச் சொன்னார். கையில் வேலை இருந்தால் கால் பாட்டுக்கு வந்தது. வார்டில் இருந்தவர்கள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "கண்டக்டரே, எனக்கு ஒரு புதுச்சத்திரம்" என்பார்கள். நான் கூச்சத்தில் வியர்த்தபடியே எல்லாருக்கும் காற்றில் டிக்கெட் கொடுத்துக்கொண்டு போனேன்.

ஜமால் பாய் ஒருநாள் வராந்தாவில் நிஜமாகவே விசில் ஊதிவிட்டார். சிஸ்டர் ஓடிவந்தார். "இது ஆஸ்பத்திரியா பஸ் ஸ்டாண்டா?" பாய் விசிலை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு மறைந்துவிட்டார். பயிற்சித் தம்பிக்கு அதில் ஒரு யோசனை வந்தது. மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விட்டால் அந்தக் காவல்காரன் அடங்குவான். அதற்கென்றே ஒரு நரம்பு, கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது என்றார். "நீங்க விசில் ஊதற மாதிரி ஊதுங்க அண்ணே, சத்தம் மட்டும் வரக்கூடாது." அப்படிச் சத்தமில்லாமல் ஊதிப் பழகினேன். படபடப்பு வரும்போது இன்றும் ஊதுகிறேன். யாருக்கும் தெரியாது.

பலாப்பழமும் பாடத்தில் இருந்தது. முதலில் ஜன்னலுக்கு வெளியே ஒரு சுளை. அடுத்து ஜன்னல் மேடையில். பிறகு மேசையில். தினமும் நெஞ்சு அடிக்கும், நான் ஊதுவேன், கொஞ்ச நேரத்தில் அடங்கும். கடைசி நாள் சுளையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தட்டைப் பார்த்தால் கொட்டை மட்டும் இருந்தது. சுந்தரம் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முன்னால் நடக்க ஆரம்பித்தேன். முதலில் தடுக்கித் தடுக்கி, பிறகு ஓரளவுக்கு நேராக. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தா பஸ் படிக்கட்டு ஆகாது. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். எங்கள் வண்டி நின்றது. என் இடத்தில் வேலை பார்த்த ஆள் அன்று வேண்டுமென்றே முன்பக்கம் போய் நின்றுகொண்டார். ஜமால் பாய் டிரைவர் சீட்டில், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. நான் பின்படிக்கு முன்னால் நின்றேன். அதே படி. வலது கால் உள்ளே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது போல இருந்தது. மலர் என் தோளைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் நின்றாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகியது.

"யோவ் கண்டக்டரு, சும்மா நிக்கிறியே, இதக் கொஞ்சம் தூக்கிக் குடேன்!"

திரும்பினேன். அண்ணாகிராமத்து அம்மா. காலடியில் சாக்கு மூட்டை. விற்காமல் மீந்த பழம் ஒன்று உள்ளே பழுத்து வெடித்து, வாசனை முகத்தில் அடித்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட, நீயா! அன்னிக்கி என் பழத்தயெல்லாம் தலையில வாங்குனவன்தானே நீ! ஒரே ஒரு பழம்தான் இருக்கு, இதுக்கும் லக்கேஜு போடுவியா?"

நெஞ்சு அடித்தது. சத்தமில்லாமல் நீளமாக ஊதினேன். சாக்கின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். "லக்கேஜெல்லாம் வேணாம்மா. உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க. கொள்ளிடத்துக்கு இந்த வண்டி போவாது அண்ணே, பக்கத்து வண்டி. யம்மா, புள்ளையப் புடிச்சிக்க..." வருடக்கணக்காகச் சொன்ன பேச்சு, அதுபாட்டுக்கு வந்தது. மூட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். வெளியே மலர் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாந்து. அப்போதுதான் நான் மேலே இருக்கிறேன் என்று தெரிந்தது.

"ஏறு மலர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். அன்று புதுச்சத்திரம் வருவதற்குள் கால் கனத்து, கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். களைத்துப் போனால் இன்றும் அது கொஞ்சம் இழுக்கும். அப்போது ஜமால் பாய், "என்ன குணா, நியூட்ரலா?" என்பார்.

அன்று கடலூருக்குத் திரும்புகிற வழியில், சிப்காட் வருவதற்கு முன், ஸ்டாப்பே இல்லாத ஓரிடத்தில் வண்டி வேகம் குறைந்து, ஓரம் கட்டி நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் பனைமரம். பட்டையில் எங்கள் வண்டியின் பழைய நீல நிறம் இன்னும் ஒட்டியிருந்தது.

"என்னா பாய், யாரும் எறங்கலயே!" என்று முன்னாலிருந்து ஒருவர் கேட்டார். பாய் மடியிலிருந்து துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நாயோடுகூடப் பேசுகிற மனிதர், ஒரு வார்த்தையும் இல்லாமல் காத்திருந்தார்.

எழுந்து பின்படிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வலது கால் நடுங்கியது, நின்றது. பையிலிருந்து விசிலை எடுத்தேன். மூச்சை நிறைய இழுத்து, இந்தத் தடவை சத்தத்தோடு ஊதினேன்.

இரண்டு விசில்.